கிம்பில் கடிகார முகப்பு: கோடுகள் மையத்தைச் சுற்றி வரமாட்டேன் என்கின்றன, தமிழ் எண்களும் ஒழுங்காக அமையவில்லை. உதவி தேவை

கடைக்கடிகாரம் எழுதியது:

வணக்கம். எங்கள் மளிகைக் கடையில் தாத்தா காலத்துச் சுவர்க்கடிகாரம் ஒன்று இருக்கிறது. மெஷின் மாற்றி இரண்டு வருடம்தான் ஆகிறது, நன்றாக ஓடுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் டயல் தாள் பழுப்பேறி, 7-உம் 8-உம் இருந்த இடத்தில் வெறும் கறைதான் மிச்சம். கண்ணாடியைக் கழற்றி அளந்து பார்த்தேன், டயலின் விட்டம் சரியாக 19 செ.மீ. அதே அளவில் புதிய டயல் ஒன்றை நானே வரைந்து, அச்சடித்து ஒட்ட வேண்டும். தாத்தா பழைய பேரேட்டில் தமிழ் எண்ணில்தான் கணக்கு எழுதுவார். அதனால் 1, 2, 3 வேண்டாம், தமிழ் எண்களே வேண்டும்.

படம் வரையும் மென்பொருளான கிம்ப் 2.10 போட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. 2400க்கு 2400 பிக்சல், 300 ரெசல்யூஷன் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) என்று புதிய படம் திறந்தேன். வட்டம் போட்டாயிற்று. 12 இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, அதை காப்பி எடுத்து ஒட்டி, ரொட்டேட் கருவியில் 30 டிகிரி கொடுத்தேன். கோடு வட்டத்தைச் சுற்றிப் போகாமல் பம்பரம் மாதிரி நின்ற இடத்திலேயே திரும்புகிறது. கையால் இழுத்து இழுத்து வைத்தேன். ஒவ்வொரு கோட்டையும் முந்தைய கோட்டின் காப்பியிலிருந்து திருப்பியதால் 9, 10 வரும்போது விளிம்பெல்லாம் பஞ்சு போல மங்கிவிட்டது. கடைசிக் கோடும் முதல் கோடும் சரியான இடைவெளியில் நிற்கவும் இல்லை.

எண்களிலும் சிக்கல். எழுத்துருவை மாற்றினாலும் ௧, ௨ எல்லாம் மாறாமல் அதே வடிவத்தில் நிற்கின்றன. கூடவே, எல்லா எண்ணையும் ஒரே தூரத்தில் வைத்தாலும் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் இருப்பது போலத் தெரிகிறது. என்ன தவறு செய்கிறேன்?

தூரிகை எழுதியது:

கோடு நின்ற இடத்தில் சுற்றுவதற்குக் காரணம் எளியது. காப்பி எடுத்து ஒட்டும்போது அந்தக் கோட்டின் அளவுக்கே ஒரு சின்ன லேயர், அதாவது படத்தின் மேல் தனித்தாள் போன்ற ஓர் அடுக்கு, உண்டாகிறது. கிம்ப் அந்த லேயரின் நடுப்புள்ளியைப் பிடித்துத் திருப்புகிறது. உங்கள் கடிகாரத்தின் மையம் எது என்று அதற்குத் தெரியாது.

ரொட்டேட் பெட்டியில் சென்டர் எக்ஸ், சென்டர் ஒய் இரண்டிலும் 1200 கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் நான் வேறு வழி சொல்கிறேன், அதில் மங்கலும் போய்விடும். சின்னக் கோடு போடாதீர்கள். 12-இலிருந்து 6 வரை, மையத்தின் வழியாக, முழு விட்டத்துக்கும் ஒரே பட்டையாக இழுத்துவிடுங்கள். அந்தப் பட்டையின் நடுதான் கடிகாரத்தின் நடு. எப்படித் திருப்பினாலும் அது மையத்தை விட்டு நகராது. நடுவில் தேவையில்லாத பகுதியைக் கடைசியில் ஒரே வெட்டில் அழித்துவிடலாம்.

ஒளி ஊடுருவும் புதிய லேயர் ஒன்று எடுங்கள், படத்தின் முழு அளவில். செவ்வகத் தேர்வுக் கருவியில் பொசிஷன் 1188, 110 என்றும் சைஸ் 24, 2180 என்றும் கையால் அடியுங்கள். கறுப்பு நிரப்புங்கள். அகலம் 24 என்று சொல்வதில் ஒரு காரணம் உண்டு. 2400 பிக்சல் படத்தின் மையம் ஒரு பிக்சலின் மேல் இல்லை, 1200-ஆவது பிக்சல் முடிந்து அடுத்தது தொடங்கும் கோட்டில் இருக்கிறது. இரட்டைப்படை அகலம் என்றால் இந்தப் பக்கம் 12, அந்தப் பக்கம் 12 என்று சமமாக அமரும். 25 போட்டால் அரை பிக்சல் ஒரு பக்கம் சாயும், திருப்பத் திருப்ப அது கண்ணில் உறுத்தும்.

இனி மணிக்கோடுகள். பட்டை லேயரை டூப்ளிகேட் செய்து 30 டிகிரி திருப்புங்கள். திருப்பும் முன் கருவியின் விருப்பங்களில் கிளிப்பிங் என்ற இடத்தில் கிளிப் என்று வைத்தால் லேயர் அளவு மாறாது. இந்தத் திருப்பிய பட்டையை மறுபடி டூப்ளிகேட் செய்து, ‘ஃப்ளிப் ஹாரிசான்டலி’ கொடுங்கள். அது எதிர்ப் பக்கத்து 30 ஆகிவிடும். இந்த மூன்றையும் இணைத்து, ஒரு டூப்ளிகேட் எடுத்து 90 டிகிரி திருப்புங்கள். ஆறு பட்டைகள், பன்னிரண்டு கோடுகள் முடிந்தன. கவனியுங்கள், நாம் உண்மையில் சாய்த்துத் திருப்பியது ஒரே ஒரு முறை. இடவலம் மாற்றுவதிலும் 90 டிகிரி திருப்புவதிலும் பிக்சல்கள் இடம்தான் மாறுகின்றன, தரம் குறையாது. சாய்வாகத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கிம்ப் பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து புதிதாகக் கணக்கிடுகிறது. நீங்கள் காப்பியின் காப்பியைத் திருப்பியதால் 10 மணிக்கோடு வரும்போது அந்தக் கலப்பு பத்து முறை நடந்திருக்கும். பஞ்சு போல ஆனது அதனால்தான்.

நிமிடக்கோட்டுக்கும் இதே முறைதான். பட்டை அகலம் 8, பொசிஷன் எக்ஸ் 1196. மூலப் பட்டையிலிருந்தே ஒவ்வொரு முறையும் காப்பி எடுத்து 6, 12, 18, 24, 36, 42 என்று ஆறு முறை மட்டும் திருப்புங்கள். லேயர் பட்டியலில் மூலப் பட்டையின் கண் குறியை அணைத்து மறைத்துவிடுங்கள், அந்த இடத்தில் மணிக்கோடு இருக்கிறது. 30-ஐ விட்டதற்கும் அதுதான் காரணம். ஆறையும் இணைத்து, டூப்ளிகேட், ஃப்ளிப், மறுபடி இணைத்து, டூப்ளிகேட், 90 டிகிரி. மொத்தம் 60 கோடுகளும் வந்துவிடும்.

கடைசியில் எல்லாக் கோட்டு லேயரையும் ஒன்றாக்கி, நீள்வட்டத் தேர்வில் பொசிஷன் 190, 190, சைஸ் 2020, 2020 கொடுத்து டெலீட் அழுத்துங்கள். நடுவெல்லாம் போய், ஓரத்தில் குட்டிக் கோடுகள் மட்டும் நிற்கும். முதல் தடவை அதைப் பார்க்கும்போது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

வெட்டுவதற்கான வட்டம்: 19 செ.மீ. என்பது 300 ரெசல்யூஷனில் 2244 பிக்சல். பொசிஷன் 78, 78.

நேர்கோடு எழுதியது:

இதற்கெல்லாம் இன்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருள் பொருத்தமானது. அதில் கோடுகள் கணக்காகவே இருக்கும், மங்கவே மங்காது. கோட்டின் சுழல்மையத்தை வட்டத்தின் நடுவுக்கு இழுத்து வைத்துவிட்டு, எடிட் மெனுவில் ‘க்ரியேட் டைல்ட் க்ளோன்ஸ்’ திறந்து, ஒரு வரிசை, 60 நிரல் (காலம்), ரொட்டேஷன் நிரலுக்கு 6 டிகிரி, ஷிஃப்டில் எக்ஸ் நிரலுக்கு −100% என்று கொடுத்தால் ஒரே சொடுக்கில் 60 கோடும் வரும்.

தூரிகை எழுதியது:

உண்மைதான், அடுத்த கடிகாரத்துக்கு அதைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு வாரமாக கிம்போடு பழகியவரை இன்றைக்கே வேறு கருவிக்கு மாற்ற வேண்டாம் என்று நினைக்கிறேன். 19 செ.மீ. டயலுக்கு 300 ரெசல்யூஷன் தாராளமாகப் போதும்.

கடைக்கடிகாரம் எழுதியது:

நன்றி அண்ணா. முழுப் பட்டை யோசனை அருமை. ஆனால் 30 டிகிரி திருப்பியதும் லேயர் பட்டியலில் ‘ஃப்ளோட்டிங் செலக்‌ஷன்’ என்று ஒன்று வந்து நிற்கிறது. அதன் பிறகு எதைத் தொட்டாலும் அதுதான் நகர்கிறது, லேயர் நகரவில்லை.

தூரிகை எழுதியது:

பட்டையை நிரப்பிய பிறகு செவ்வகத் தேர்வு இன்னும் உயிரோடு இருக்கிறது. ஓரத்தில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிக்கோடு தெரியும், பாருங்கள். தேர்வு இருக்கும்போது கிம்ப் லேயரை விட்டுவிட்டு, தேர்ந்த பகுதியை மட்டும் பெயர்த்துத் திருப்புகிறது. திருப்பியதை அன்டூ செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். தேர்வு கலைந்துவிடும். பிறகு திருப்புங்கள். நிரப்பியவுடன் தேர்வைக் கலைப்பதைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள், கிம்பில் புதியவர்களின் பாதிச் சிக்கல் இதிலிருந்துதான் வருகிறது.

பேரேடு எழுதியது:

எண்களைப் பற்றி நான் சொல்கிறேன். எழுத்துருவை மாற்றினாலும் வடிவம் மாறவில்லை என்றால், நீங்கள் தேர்ந்த எழுத்துருவில் தமிழ் எண்களே இல்லை என்று பொருள். அழகழகான தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் அ முதல் ன வரை இருக்கும், எண்கள் இருக்காது. கிம்ப் பேசாமல் கணினியில் இருக்கும் வேறொரு எழுத்துருவிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டுவிடும். ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’, ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ இரண்டிலும் எண்கள் உண்டு, இலவசமாகவே கிடைக்கின்றன. கடை டயலுக்கு செரிஃப் அழகாக இருக்கும்.

எண்களை இங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்: ௧ ௨ ௩ ௪ ௫ ௬ ௭ ௮ ௯ ௰ ௰௧ ௰௨. தட்டச்சு செய்யும்போது ௧ என்பதற்குப் பதில் க, ௨ என்பதற்குப் பதில் உ, ௭ என்பதற்குப் பதில் எ என்று போட்டுவிடாதீர்கள். பார்வைக்கு நெருக்கமாக இருந்தாலும் ஒருங்குறியில் (யூனிகோடில்) அவை வேறு வேறு குறிகள்.

10, 11, 12 எப்படி எழுதுவது என்பதை மட்டும் யோசித்து முடிவு செய்யுங்கள். பழைய முறையில் சுழி கிடையாது. பத்துக்கு ௰ என்று தனிக்குறி, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲. பன்னிரண்டு என்றால் ௰௨, இருபது என்றால் ௨௰. இன்றைய இடமதிப்பு முறையில் ௧௦, ௧௧, ௧௨ என்று எழுதுவோரும் உண்டு. ஒருங்குறியில் ௦ என்ற தமிழ்ச் சுழி 2005-இல்தான் சேர்ந்தது. தாத்தாவின் பேரேட்டைத் திறந்து அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். அவர் கடிகாரம், அவர் கைப்படியே இருக்கட்டும். தமிழ் எண் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு மொரீஷியஸ் ரூபாய் நோட்டைக் காட்டலாம், அதில் இன்றும் அச்சாகிறது.

தூரிகை எழுதியது:

எண்கள் மேலும் கீழுமாகத் தெரிவதற்கு என் பதில். எழுத்து லேயரின் பெட்டி எழுத்தை விடப் பெரியது, மேலும் கீழும் வெற்றிடம் இருக்கும். ௫ போன்றவை கோட்டுக்குக் கீழே இறங்குபவை. பெட்டியின் நடுவை வைத்து அடுக்கினால் எழுத்தின் நடு தப்பிவிடும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் இப்படிச் செய்யுங்கள். லேயர் மெனுவில் ‘டிஸ்கார்ட் டெக்ஸ்ட் இன்ஃபர்மேஷன்’, அப்புறம் ‘க்ராப் டூ கன்டென்ட்’. இப்போது பெட்டி எழுத்தை ஒட்டி நிற்கும். அலைன் கருவியில் இமேஜ் என்பதை வைத்து, நெடுக்கிலும் கிடக்கையிலும் நடுவில் நிறுத்துங்கள். பிறகு ‘லேயர் டூ இமேஜ் சைஸ்’. கடைசியாக, லேயர், டிரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட்.

ஆஃப்செட்டுக்குக் கணக்கிட வேண்டியவை இரண்டே எண்கள்தான்: 450, 779. மையத்திலிருந்து 900 பிக்சல் தூரத்தில் எண் இருக்கிறது என்று வைத்தால், 30 டிகிரியில் பக்கவாட்டுத் தூரம் 900-இல் பாதி, மேல்தூரம் 900-ஐ 0.866-ஆல் பெருக்கியது. ௧-க்கு எக்ஸ் 450, ஒய் −779. ௨-க்கு 779, −450. ௩-க்கு 900, 0. கீழ்ப்பாதிக்கு ஒய் கூட்டல், இடப்பாதிக்கு எக்ஸ் கழித்தல். இதில் எண்கள் சாயாமல் நிமிர்ந்தே இருக்கும்.

கடைக்கடிகாரம் எழுதியது:

இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து முடித்துவிட்டேன். பேரேட்டைத் திறந்து பார்த்தேன். ஒரு பக்கத்தில் ‘துவரம்பருப்பு ௰௨ படி’ என்று இருக்கிறது. ௰ குறியின் கடைசிச் சுழிப்பை அவர் சற்று நீட்டி எழுதுவார். அதையே வைத்துவிட்டேன், ௰, ௰௧, ௰௨.

இன்று ஜெராக்ஸ் கடையில் அச்சடித்தேன். கண்ணுக்கு அழகாக இருக்கிறது. ஆனால் வெட்டும் வட்டத்தை அளந்தால் 18.5 செ.மீ.தான். சட்டத்துக்குள் வைத்தால் சுற்றிலும் இடைவெளி விடுகிறது. கணக்கில் தவறா?

அச்சுத்தாள் எழுதியது:

உங்கள் கணக்கு சரி. நான் அச்சு வேலைதான் செய்கிறேன், இது தினமும் பார்ப்பது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. உங்கள் படம் மொத்தம் 20.3 செ.மீ. பிரிண்டர் ஓரம் விட வேண்டும் என்பதால் ‘ஃபிட் டூ பேஜ்’ என்று இருந்தால் முழுப் படத்தையும் கொஞ்சம் சுருக்கிவிடும். கடைக்காரரிடம் ‘100 சதவீதத்தில் போடுங்கள்’ என்று சொல்லுங்கள். ஓரத்து வெள்ளை சிறிது வெட்டுப்பட்டாலும் வட்டத்துக்குப் பக்கத்துக்கு 1 செ.மீ. மிச்சம் இருக்கிறது, பயமில்லை.

இன்னொன்று, கோப்பை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினீர்களா? அப்படி அனுப்பினால் அது சுருங்கிவிடும், 300 ரெசல்யூஷன் என்ற தகவலும் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டு போங்கள். பிஎன்ஜி-யாக எக்ஸ்போர்ட் செய்ததைக் கொடுங்கள், கிம்பின் மூலக் கோப்பான எக்ஸ்சிஎஃப் உங்களிடம் பத்திரமாக இருக்கட்டும். சாதாரணத் தாள் வேண்டாம், பசை ஈரத்தில் சுருங்கும். 250 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு கேளுங்கள்.

மெஷின் தண்டு என்ன அளவு? 8 மி.மீ. என்றால் நடுவில் 94 பிக்சல் விட்டத்தில் மெல்லிய வட்டமும் அதன் உள்ளே ஒரு கூட்டல் குறியும் போட்டுவிடுங்கள். வெட்டும்போது மையம் தேட வேண்டியதில்லை.

கடைக்கடிகாரம் எழுதியது:

படமாகத்தான் அனுப்பியிருந்தேன். தண்டு 8 மி.மீ. தான். வட்டமும் கூட்டல் குறியும் சேர்த்து, டாக்குமெண்ட்டாக அனுப்பி, 100 சதவீதத்தில் ஆர்ட் போர்டில் மறுபடி அச்சடித்தேன். ஸ்கேல் வைத்து அளந்தேன், 19 செ.மீ.

காலையில் ஒட்டி, முள் மாட்டி, கடை திறக்கும் முன் சுவரில் ஏற்றினேன். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்து, ‘மணி எட்டே கால்’ என்றார். எல்லாருக்கும் நன்றி.

பேரேடு எழுதியது:

மகிழ்ச்சி தம்பி. முடிந்தால் அந்தப் பேரேட்டுப் பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் ஸ்கேன் செய்து வையுங்கள்.