ஃபெலாவைத் தவிர மற்றவர்கள் பணக்காரர்களுக்குப் பாடியவர்கள்தானா? (பழைய நைஜீரிய இசை)

பறைநேசன்:
பழைய நைஜீரியப் பாட்டு என்றால் நான் ஃபெலா குட்டியைத் தாண்டிப் போவதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். 1976-ல் ‘ஜாம்பி’ பாட்டில், உத்தரவு வந்தால்தான் நகரும் நடைப்பிணம் என்று சிப்பாய்களைப் பாடினார். 1977 பிப்ரவரி 18 அன்று சுமார் ஆயிரம் சிப்பாய்கள் அவர் வீட்டைச் சூழ்ந்து, உள்ளே இருந்தவர்களை அடித்து, வீட்டுக்குத் தீ வைத்தார்கள். அவருடைய வயதான தாய் ஃபுன்மிலாயோவை மாடி ஜன்னல் வழியாகத் தூக்கி வீசினார்கள். அடுத்த ஆண்டு அந்த அம்மா இறந்துபோனார். அப்புறம் ஃபெலா ஒரு சவப்பெட்டியை ஆட்சித் தலைவர் ஒபசாஞ்சோ இருந்த டோடன் பாராக்ஸ் வாசலுக்கே கொண்டுபோனார்.

அதே காலத்தில் ஜுஜுப் பாடகர்கள் என்ன செய்தார்கள்? (ஜுஜு என்பது தென்மேற்கு நைஜீரியாவின் யொருபா மக்களுடைய கிதாரும் மேளமும் சேர்ந்த இசை.) எண்ணெய்ப் பணத்தில் கொழுத்தவர்களின் பெயரைச் சொல்லிப் பாடி, நெற்றியில் நோட்டு ஒட்டிக்கொண்டார்கள். எபனேசர் ஓபே 1976-லேயே, அதே ஒபசாஞ்சோ அரசின் விவசாயத் திட்டமான ‘ஆபரேஷன் ஃபீட் தி நேஷன்’ பெயரில் இசைத்தட்டு போட்டார். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘பொற்காலம்’ என்று பேச எனக்கு மனசு வரவில்லை.

சுருலேரே அண்ணாச்சி:
தம்பி, ஃபெலாவைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. ஆனால் ஜுஜுவை நீங்கள் பாட்டு வரிகளை மட்டும் வைத்து எடை போடுகிறீர்கள். நான் பதினோரு வருடம் லாகோஸில் வேலை பார்த்தவன். முதல் இரண்டு வருடம் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து வீட்டில் தாயின் அறுபதாம் கல்யாணம் போல ஒரு விழா. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, ஒரே துணியில் ஊரே உடுத்தி, ஜொலோஃப் சோறு அண்டா அண்டாவாக வந்துகொண்டிருந்தது. ஜுஜுக் குழுவின் மேளக்காரர் ஒருவர் மேடையை விட்டு இறங்கி, என் மேஜையில் இருந்த ஒரு பெரியவர் முன்னால் வந்து நின்றார். வாய் திறக்கவே இல்லை, வாசித்தார். பெரியவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நின்றார், கண் கலங்கிவிட்டது. கேட்டதற்கு, ‘என் அப்பாவின் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்’ என்றார். அவர்கள் அதை ‘ஒரிகி’ என்பார்கள், குலத்துக்கான புகழ்மொழி. அதற்கப்புறம்தான் அவர் மேளக்காரரின் நெற்றியில் நோட்டை வைத்தார்.

அந்த மேளம் உடுக்கை மாதிரி இடை சிறுத்தது, ஆனால் பெரியது. இரண்டு பக்கத் தோலையும் இழுத்துப் பிடிக்கிற வார்களைக் கக்கத்தில் இடுக்கி அழுத்தினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வளைந்த குச்சியால் அடிப்பார்கள். குழுவில் முதன்மையான மேளத்துக்குப் பெயரே ‘தாய் மேளம்’. யொருபா மொழியில் உயர்வு, நடு, தாழ்வு என்று மூன்று குரல்நிலை உண்டு. ‘ஒக்கோ’ என்பதன் இரண்டு அசையையும் நடுக்குரலில் சொன்னால் கணவன். கடைசி அசையை உயர்த்தினால் களைக்கொத்து, தாழ்த்தினால் வண்டி. இரண்டையும் தாழ்த்தினால் ஈட்டி. பேச்சிலேயே சுருதி இருப்பதால்தான் மேளத்தால் பேச முடிகிறது. கிங் சன்னி அடேயின் 1982 ‘ஜுஜு மியூசிக்’ தட்டைப் போட்டால் நாம் கிதார்களையும் அந்த ஸ்டீல் கிதாரையும் கேட்டு ‘எவ்வளவு சுகம்!’ என்கிறோம். அடியில் மேளம் முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறது. நமக்குக் காது இருந்தும் அந்த மொழி இல்லை.

பறைநேசன்:
அண்ணாச்சி, அந்தப் பெரியவர் எழுந்து நின்ற இடத்தைப் படித்தபோது எனக்கும் என்னவோ செய்தது. ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. மேளம் யாருடைய பாட்டனைக் கூப்பிடுகிறது? நோட்டு வைத்திருப்பவரின் பாட்டனைத்தானே? அந்தப் பந்தலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவருக்கும் பாட்டன் இருந்திருப்பார்.

இன்னொன்று, மேளம் யொருபாக்காரருக்கு மட்டும் பேசும். ஃபெலா 70-களில் பிட்ஜினில், அதாவது ஊர்மொழிகள் கலந்த பேச்சு ஆங்கிலத்தில், பாடியதற்குக் காரணமே, லாகோஸ் சந்தைக்காரிக்கும் போர்ட் ஹார்கோர்ட் லாரி ஓட்டுநருக்கும் ஒரே நேரத்தில் புரியவேண்டும் என்பதுதான். சத்தமும் அப்படியே. ஃபெலா குழுவின் டிரம்ஸ்காரர் டோனி ஆலனின் டிரம்ஸ் நாலு கை கால்களும் நாலு பேச்சுப் பேசுவது போல ஓடும். தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பாதி தூரம் போன பிறகுதான் ஃபெலா பாடவே ஆரம்பிப்பார். அதற்குள் நம் உடம்பு அவர் பக்கம் போயிருக்கும்.

ஓனிட்ஷா மீனா:
இரண்டு பேரும் லாகோஸை விட்டு வெளியே வரவில்லையே! ஹைலைஃப் எங்கே போயிற்று?

50-களிலும் 60-களின் முன்பாதியிலும் லாகோஸ் இரவுகள் ஹைலைஃபுக்குச் சொந்தம். பாபி பென்சன், விக்டர் ஒலாயா, ரெக்ஸ் லாசன். ஊதுகுழல்கள், மெல்லிய கிதார், ஜோடியாக ஆடுகிற தாளம். குழுக்களில் வாசித்தவர்களில் கிழக்கத்திக்காரர்கள் நிறைய. 1967-ல் கிழக்குப் பகுதி தனி நாடாகப் பிரிந்ததால் பியாஃப்ரா போர் வந்ததும் அவர்களில் பலர் ஊரை விட்டுப் போனார்கள். அவர்கள் விட்ட இடத்தில்தான் ஜுஜு நிறைந்தது. ஜுஜு வளர்ந்த கதையைச் சொல்லும்போது அந்தக் காலி நாற்காலிகளையும் சொல்ல வேண்டும்.

பறைநேசன் சார், பிட்ஜினில் பாடினால் எல்லோருக்கும் போகும் என்றீர்கள். சரி. அதே 1976-ல் நிக்கோ எம்பார்கா ‘ஸ்வீட் மதர்’ பாடினார், அதுவும் பிட்ஜின். அப்பா கேமரூன்காரர், அம்மா நைஜீரியப் பெண். பிள்ளை தூங்காவிட்டால் அம்மாவும் தூங்கமாட்டாள் என்கிற அளவுக்கு எளிய வரிகள். போர் முடிந்து ஆறு வருடம்தான் ஆகியிருந்தது. எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளை இழந்திருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டு அதைக் கேளுங்கள். யாரையும் எதிர்க்காத பாட்டு என்பதால் அதில் அர்த்தம் குறைந்துவிடாது.

பெண்ணாக ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஃபெலாவின் 1972 ‘லேடி’ பாட்டு, சமமாக நிற்க நினைக்கிற பெண்ணைக் கிண்டல் செய்கிறது. 1978-ல் ஒரே சடங்கில் 27 பெண்களைக் கல்யாணம் செய்தார். பெண்களைத் திரட்டி அபெயோகுட்டாவில் வரிக்கு எதிராகப் போராடிய தாயின் மகன் இவர். விடுதலையின் ஒரே குரல் என்று அவரை வைத்தால் எனக்கு வலிக்கிறது.

சஹர்நேரம்:
இடையில் ஒன்று. ஃபூஜியை விட்டுவிட்டீர்கள். ரமலானில் விடியலுக்கு முன் மக்களை எழுப்பத் தெருவில் பாடி வந்த ‘வெரே’ பாட்டிலிருந்துதான் சிகிரு அயின்டே பாரிஸ்டர் அதை உருவாக்கினார். கிதார் கிடையாது, மேளமும் குரலும்தான். தப்ஸ் அடித்து எழுப்புகிற பக்கீரின் குரல் கேட்டு வளர்ந்த எனக்கு, முதல் தடவை கேட்டபோதே அந்நியமாகத் தெரியவில்லை.

பறைநேசன்:
மீனா மேடம், ‘லேடி’ விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. அந்தப் பாட்டை நான் தவிர்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். தவிர்த்துக்கொண்டே ‘விடுதலைக் குரல்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘ஒரே குரல்’ என்பதை எடுத்துவிடுகிறேன். ஆனால் ஓபேயின் 1976 தட்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சுருலேரே அண்ணாச்சி:
சொல்கிறேன் தம்பி. அந்தத் தட்டு அரசாங்கத்துக்கு ஒத்து ஊதியதுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஆனால் மேளம் புகழும்போது புகழ்ச்சி மட்டும்தான் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். இபாதான் வானொலியின் அடையாள இசை பேசும் மேளத்தில்தான் இருந்தது. ‘இது நைஜீரிய ஒலிபரப்பு’ என்கிற ஆங்கில வாக்கியத்தைத்தான் வாசித்தார்கள். கேட்ட மக்கள் அதே சுருதியில் வேறொரு வாக்கியத்தைப் பொருத்திக்கொண்டார்கள்: ‘ஒலுபாதான் செத்தால் அடுத்த பட்டம் யாருக்கு?’ ஒலுபாதான் என்றால் அந்த ஊர் அரசர். சுருதி ஒன்றுதான், வாக்கியம் இரண்டு. பந்தலில் பணக்காரர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும்போது, மேளம் என்ன சொல்லிற்று என்று பின்வரிசையில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் கேட்டால் சொல்லமாட்டார்கள்.

பாத்திரம் கழுவினவரைக் கேட்டீர்களே. அன்று கூட்டம் கலைந்த பிறகு நான் நாற்காலி அடுக்க உதவிக்கொண்டிருந்தேன். மேளக்காரர் வண்டிக்காகக் காத்திருந்தார். சமையல்கட்டிலிருந்து ஒரு அம்மா அவருக்குச் சோற்றுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு, மேளத்தைக் கக்கத்தில் இடுக்கி, நாலைந்து அடி வாசித்தார். அந்த அம்மா முட்டி போட்டு வணங்கி அதை வாங்கிக்கொண்டார். என்ன வாசித்தார் என்று சொல்ல அப்போது என் பக்கத்தில் யாரும் இல்லை.