வைட்டமின் டி மருந்தால் குமட்டல், மலச்சிக்கல்: எடுத்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பரிசோதனையில் வைட்டமின் டி அளவு 9 என்று மிகக் குறைவாக வந்ததால், வாரம் ஒருமுறை 60,000 யூனிட் பொடியைப் பாலில் கலந்து குடிக்கிறேன். மதுரை வெயிலில் இருந்துகொண்டு இந்தக் குறையா என்று அத்தை சிரிக்கிறார். காலையில் தையல் கூடத்துக்குள் நுழைந்து இருட்டியபின் வெளியே வருபவளுக்கு வெயில் ஏது?

பொடி குடித்த மறுநாள் ஒரே குமட்டல், பின்மண்டையில் வலி. மலச்சிக்கலோ வாரம் முழுவதும். அது கூடவே தந்த கால்சியம் மாத்திரையின் வேலையோ என்றும் சந்தேகம். ரத்தத்தில் கால்சியம் கூடினாலும் இப்படி ஆகுமாம். அதையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்கப்போகிறேன்.

யாருக்காவது தினமும் குறைந்த அளவாக மாற்றித் தந்தார்களா? தொல்லை குறைந்ததா? கே.கே. நகர், அண்ணாநகர் பக்கம் பொறுமையாகக் காதுகொடுக்கும் மருத்துவர் இருந்தாலும் சொல்லுங்கள். கஷாயக் குறிப்பு மட்டும் வேண்டாம், அதற்கு அத்தை இருக்கிறார்.