அச்சில் ஊற்றிக் காயவிடும் களிமண்: செய்து பார்த்தவர்கள் சொல்கிறோம்

நங்கநல்லூரிலிருந்து:

வணக்கம். சூளை வைத்துக்கொள்ள வசதியில்லாத என்னைப் போன்றவர்களுக்குக் காற்றிலேயே காயும் திரவக் களிமண் பெரிய உதவி. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, ஓரமெல்லாம் மண் படிந்து சுவர் பிடித்ததும் மீதியைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடமான பொம்மை கிடைக்கும். கொலுவுக்குச் சின்னச் சின்ன பொம்மைகள் இப்படித்தான் செய்கிறேன். இந்த வேலையில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

களிமண்ணைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுகிறார்கள். என் கணக்கில் முக்கால்வாசி வேலையைச் செய்வது அச்சுதான். அதன் வாய் வரை ஊற்றிவிட்டு அங்கேயே நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மட்டம் இறங்கும். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கிறது. இறங்க இறங்க மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பளபளவென்று இருந்த மேற்பரப்பில், ஓரத்தை ஒட்டி மங்கலாக ஒரு வளையம் தெரியும். சுவர் எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதற்கு அந்த வளையம்தான் அளவு. சந்தேகமாக இருந்தால் வாயருகே கத்தி நுனியால் லேசாகக் கீறிப் பார்க்கலாம். உள்ளங்கை உயரப் பொம்மைக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் போதும்.

தடிமன் இரண்டு மடங்கு வேண்டும் என்றால் நேரமும் இரண்டு மடங்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். ஏற்கெனவே படிந்த மண்ணைத் தாண்டித்தான் அடுத்த தண்ணீர் பிளாஸ்டருக்குப் போக வேண்டும், அதனால் போகப் போக வேகம் குறைகிறது.

கவிழ்த்த பிறகு அவசரமே கூடாது. சுவர் காயும்போது சுருங்கி, பிளாஸ்டரிலிருந்து தானாகவே விலகும். வாயோரத்தில் மயிரிழை அளவு இடைவெளி தெரிந்தால் திறக்கலாம். அதற்கு முன் திறந்தால் முகம் அச்சின் ஒரு பாதியிலும் முதுகு மறு பாதியிலும் ஒட்டிக்கொள்ளும். இடுப்பில் கை வைத்து நிற்கும் பொம்மை என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டர் மாட்டிக்கொள்ளும். இரண்டு துண்டு அச்சு அதற்கு ஆகாது, மூன்றாவது துண்டு வேண்டும்.

சென்னையில் எனக்குத் தலைவலி ஐப்பசி, கார்த்திகை மழைதான். அச்சு காயவே மாட்டேன் என்கிறது. ஈர அச்சில் ஊற்றினால் வளையம் பிடிக்க மணிக்கணக்காகும், பிடித்தாலும் சொதசொதவென்று இருக்கும். இப்போது நான் செய்வது இதுதான்: புது அச்சு நன்றாகக் காய்ந்ததும் சமையலறைத் தராசில் எடை போட்டு, அதைப் பென்சிலால் வெளிப்பக்கம் எழுதிவிடுகிறேன். மறுபடி அந்த எடைக்கு வந்த பிறகுதான் அடுத்த வார்ப்பு. தராசு இல்லையா, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

விருத்தாசலத்திலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அப்பா இங்கே பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். அச்சுகளை வரிசையாக மேசையில் அடுக்கி, ரப்பர் பட்டை போட்டுக் கட்டி, ஒரு முனையிலிருந்து ஊற்றிக்கொண்டே போவார்கள். கடைசி அச்சுக்கு வரும்போது முதல் அச்சைக் கவிழ்க்கும் நேரம் வந்திருக்கும்.

சூளைக்குப் போகும் மண்ணும் நீங்கள் வாங்கும் காற்றில் காயும் மண்ணும் ஒன்றல்ல. ஆனால் அச்சுக்குள் நடப்பது ஒன்றே. அதனால் பட்டறைப் பழக்கங்கள் பல வீட்டுக்கும் பொருந்தும்.

முதலில் அச்சு செய்யும் விகிதம். நூறு பங்கு பிளாஸ்டருக்கு எழுபது பங்கு தண்ணீர், இரண்டையும் எடை போட்டே எடுக்க வேண்டும். பிளாஸ்டர் கல்லாக இறுகுவதற்கு வேதியியல்படி தேவைப்படும் தண்ணீர் 19 பங்குக்கும் குறைவு. மீதி ஐம்பது சொச்சமும் காய்ந்து வெளியேறி, அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கும். களிமண்ணிலிருந்து தண்ணீரை இழுப்பது அந்தத் துளைகள்தான். பலமாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் குறைத்தால் அச்சு கல் மாதிரி நிற்கும், ஆனால் குடிக்காது. தண்ணீர் கூடினால் நன்றாகக் குடிக்கும், ஓரங்கள் பொடிந்து போகும். தண்ணீரில்தான் பிளாஸ்டரைத் தூவ வேண்டும், பிளாஸ்டரில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இரண்டு நிமிடம் ஊறவிட்டு, குமிழி வராமல் அடியிலிருந்து கலக்குங்கள். இறுகும்போது அச்சு சூடாகும், அது இயல்பு. சுவர்ப் பூச்சுக்கு விற்கும் ஜிப்சம் மூட்டை இந்த வேலைக்கு ஒத்து வராது. மெதுவாக இறுகுவதற்காக அதில் வேறு பொருள்கள் சேர்த்திருப்பார்கள்.

அடுத்தது ஸ்லிப், அதாவது அச்சில் ஊற்றும் திரவ மண். மண்ணைக் கரைத்து ஊற்றும் பதத்துக்குக் கொண்டுவரத் தண்ணீரை அள்ளி ஊற்றினால் பொம்மை காயும்போது அவ்வளவும் சுருக்கமாக வரும், கழுத்திலும் மணிக்கட்டிலும் வெடிக்கும். பட்டறையில் சோடியம் சிலிகேட் சேர்ப்பார்கள். கலக்கவே முடியாமல் கெட்டியாகக் கிடக்கும் மண்ணில் கொஞ்சம் விட்டுக் கலக்கினால், கூடுதல் தண்ணீர் இல்லாமலே அது இளகி ஓட ஆரம்பிக்கும். சின்ன வயதில் எனக்கு அது மாயமாகத் தெரிந்தது. மண் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்வதால் அப்படி ஆகிறது. காய்ந்த மண்ணின் எடையில் அரை சதவீதத்துக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். அளவு மீறினால் ஸ்லிப் திரும்பக் கெட்டியாகும், அச்சும் கெடும். ஒரு லிட்டர் நல்ல ஸ்லிப் 1.7 முதல் 1.8 கிலோ வரை எடை வரும். கடையில் வாங்கிய காற்றில் காயும் மண்ணையும் இப்படி ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைய குறைய, அதில் தண்ணீர் அதிகம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அக்கா சொன்ன ஈரத்துக்கு வருகிறேன். அச்சைக் காயவைக்கும்போது பாதிகளைத் தனித்தனியாகப் பரப்பாதீர்கள். சேர்த்துக் கட்டியே வையுங்கள். தனியாகக் கிடந்தால் வளைந்துவிடும், பிறகு இரண்டு பாதிகளும் சரியாகப் பொருந்தாது. இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் எந்தப் பக்கமாக வெளியேறுகிறதோ அந்தப் பக்கம்தான் உப்பு பூக்கும். கட்டி வைத்தால் வெள்ளை உப்பு வெளிப்பக்கம் பூக்கும், துடைத்துவிடலாம். திறந்து வைத்தால் பொம்மையின் முகம் பதியும் இடத்திலேயே பூக்கும். மின்விசிறிக் காற்று போதும். அடுப்பிலோ ஓவனிலோ வைக்க வேண்டாம். ஐம்பது டிகிரியைத் தாண்டினால் இறுகிய பிளாஸ்டரே மெல்ல மெல்லப் பொடியாகத் தொடங்கும்.

பட்டறையில் இல்லாத ஒரு தொல்லை உங்களுக்கு உண்டு. சூளைக்குப் போகாத மண் உறுதியாக நிற்க வேண்டும் என்பதற்காக அதில் பெரும்பாலும் பசை கலந்திருப்பார்கள். அந்தப் பசை ஒவ்வொரு வார்ப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் துளைகளை அடைக்கும். அச்சின் உள்பக்கம் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். உடனே உள்ளே போனால் அச்சுக்கு உயிர் இருக்கிறது. முத்தாக நின்றால் அதன் காலம் முடிந்தது. பொம்மையை எடுத்த கையோடு ஈர ஸ்பாஞ்சால் உள்பக்கத்தைத் துடைத்துவிட்டால் அடைப்பு தள்ளிப்போகும், நிரந்தரமாகத் தடுக்க முடியாது. அதனால் அச்சு எடுத்த மூலப் பொம்மையைப் பத்திரமாக வையுங்கள். சுலபமாகக் கழன்று வரட்டும் என்று உள்ளே எண்ணெயோ வாசலினோ தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது அச்சைக் கொல்வதற்குச் சமம்.

மதுரையிலிருந்து:

நான் ஓவிய ஆசிரியர். போன வருடம் பிள்ளையார் சதுர்த்திக்குப் பெற்றோர் சிலர் இந்தத் திரவக் களிமண்ணில் பிள்ளையார் செய்யலாமா என்று கேட்டார்கள். செய்து வீட்டில் வைத்துக்கொள்ளலாம், கரைக்கக் கூடாது என்றேன். மண் என்ற பெயர் இருந்தாலும் பசை கலந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வெளியிட்ட சிலைக் கரைப்பு வழிகாட்டுதலில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், பிளாஸ்டிக், தெர்மாகோல் சிலைகள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பசை மண்ணையும் அந்தப் பக்கமே நான் சேர்ப்பேன்.

பிள்ளைகளை மண் பொம்மை செய்யும் ஊரான விளாச்சேரிக்கு அழைத்துப்போனேன். அங்கே ஒரு பெரியவர் வெறும் களிமண்ணை அச்சில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வைத்தார். காது மடல், தும்பிக்கை வளைவு என்று குழிவான இடங்களில் முதலில் சின்ன உருண்டையை வைத்து அழுத்தி, அதன் மேல்தான் பெரிய தகடாக மண்ணைப் போட்டார். ஊற்ற வேண்டிய அவசியமே இல்லை. கரைக்கிற பிள்ளையாருக்கு எனக்கு அந்த முறைதான் சரி என்று படுகிறது.

இன்னொன்று. கார்த்திகைக்கு இதில் அகல் விளக்கு செய்யலாமா என்ற கேள்வியும் வந்தது. தயவுசெய்து வேண்டாம். சுடாத மண் எண்ணெயை உறிஞ்சும், கலந்திருக்கும் பசை சூட்டில் கருகும். எண்ணெய் ஊறிய பொருளைத் தீபத்தோடு பிள்ளைகள் நடமாடும் வீட்டில் வைக்கவே கூடாது. விளக்குக்குச் சுட்ட மண் மட்டும்தான். தண்ணீர்க் குவளை, சாப்பாட்டுத் தட்டு ஆகியவற்றுக்கும் அதே பதில்.

கோவையிலிருந்து:

நான் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுபவள். பிளாஸ்டர் வேலை எனக்குத் தெரியாது, செய்துவருபவற்றை வாங்கித் தீட்டுகிறேன். அச்சின் பாதிகள் சேரும் இடத்தில் பொம்மையில் விழும் நடுக்கோட்டைத் தேய்ப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முழுக்கக் காய்ந்த பின் உப்புத்தாளால் தேய்த்தால் மாவாகத் தூசி பறக்கும். களிமண் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். பாதி காய்ந்து நகம் லேசாகப் பதியும் நிலையிலேயே கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் நீவிவிட்டால் தூசியே இருக்காது, கோடும் தெரியாது. அப்படியும் தேய்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் நல்ல முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

வார்னிஷை வெளியே மட்டும் பூசி நிறுத்தாதீர்கள். அடியில் இருக்கும் துளை வழியாக உள்ளேயும் கொஞ்சம் ஊற்றி, சுழற்றிவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள். மழைக்காலத்தில் உள்பக்கம் ஈரம் இழுத்து, வெளியே அக்ரிலிக் வண்ணம் செதில் செதிலாக எழும்பிய பொம்மைகள் என்னிடம் பழுதுபார்க்க வருகின்றன. உள்ளே பூசியவை அப்படி வந்ததில்லை.

நங்கநல்லூரிலிருந்து:

விருத்தாசலம் தம்பிக்கு நன்றி. சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். புது அச்சில் உடனே மறைந்தது, பழையதில் மூக்கும் உதடும் இருக்கும் இடத்தில் அப்படியே நின்றது. அந்த அச்சில் முகம் மட்டும் ஏன் எப்போதும் மெலிசாகவே வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. உங்களிடம் ஒரு கேள்வி. மூட்டையில் மீதமிருக்கும் பிளாஸ்டர் மழைக்கு ஈரம் வாங்கியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. சலித்துப் பயன்படுத்தலாமா?

விருத்தாசலத்திலிருந்து:

கட்டி கட்டியாக இருந்தால் சலித்தும் பயனில்லை, அக்கா. ஈரம் வாங்கிய பகுதி ஏற்கெனவே இறுகிவிட்டது. ஒரு கைப்பிடி எடுத்து, அதே விகிதத்தில் தண்ணீர் சேர்த்து டம்ளரில் ஊற்றிப் பாருங்கள். இறுகும்போது நன்றாகச் சூடேறி, மறுநாள் நகத்தால் கீறினால் பொடி உதிராமல் இருந்தால் பயன்படுத்தலாம். இல்லையென்றால் புது மூட்டைதான். வாங்கியதும் காற்றுப் புகாத டிரம்மில் கொட்டி வையுங்கள். டம்ளரில் மிஞ்சுவதைச் சமையலறைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், குழாய்க்குள்ளேயே இறுகிவிடும்.