கண்மாய்க்குள் இணைகோடுகளாக விழும் ஓடைகள்: க்யூஜிஐஎஸ் உதவி தேவை

முதுகுளத்தூர் பக்கம் வரத்துக்கால்களை (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்கள்) க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, ஒரே எண்ணுள்ள இரண்டு ஓடைகள் சேர்ந்தால் எண் ஒன்று கூடும் ஸ்ட்ராலர் முறையில் வரிசைப்படுத்த வேண்டும். தரை ஏறக்குறைய தட்டை. செயற்கைக்கோளில் எடுத்த 30 மீட்டர் கோபர்நிகஸ் உயரத் தரவில் ஓடைகள் கண்மாய்க்குள் சீப்புப் பல் மாதிரி விழுகின்றன. தண்ணீர் கலுங்கை (உபரி நீர் வெளியேறும் இடம்) விட்டுவிட்டுக் கரையைத் தாண்டிக் குதிக்கிறது.

எஸ்ஆர்டிஎம் என்ற இன்னொரு உயரத் தரவிலும் அதே கதைதான். தரவில் உள்ள பள்ளங்களை நிரப்பினேன், நீரோட்டத்தைக் கணக்கிடும் கிராஸ் மென்பொருளின் ஆர்.வாட்டர்ஷெட் கருவியையும் ஓட்டினேன், ஓடை தொடங்கும் வரம்பைக் கூட்டிக் குறைத்தும் பார்த்தாச்சு. சரி, சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கையால் வரையலாம் என்றால், வரத்துக்கால் முழுக்கச் சீமைக்கருவேலம்; 10 மீட்டர் படத்தில் பச்சைப் பட்டை மட்டும்தான் தெரிகிறது. அந்த மரத்தலையை உயரத் தரவு தரையாக எடுத்துக்கொள்கிறது போல, வாய்க்கால் மேடாக வருகிறது! கலுங்குகளின் ஜிபிஎஸ் புள்ளிகள் கையில் இருக்கின்றன.

அந்தப் புள்ளிகளில் மட்டும் கரையை வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் போதுமா, இல்லை வரத்துக்கால்களையும் உயரத் தரவில் பள்ளமாகப் பதிக்க வேண்டுமா?