கப்பிள் மொமென்ட்: எனக்கு 100, விடைத்தாளில் 28. அவசர உதவி

துவாஸ்_தம்பி
நாளைக்குக் காலை பகுதிநேர டிப்ளமா தேர்வு, ஸ்டாட்டிக்ஸ், அதாவது நிலையியல். ஒரு தகட்டில் ஏ, பி என்று இரண்டு புள்ளி. இரண்டிலும் 200 நியூட்டன் விசை, எதிரெதிராக. நடுவில் தூரம் 0.5 மீட்டர். இந்த ஜோடி விசைதான் கப்பிள்; அது தகட்டைத் திருப்பும் அளவு, அதாவது மொமென்ட், 200 × 0.5 = 100 நியூட்டன் மீட்டர் தானே? விடைத்தாளில் 28 என்று இருக்கிறது. வேறு வழியில் போட்டேன், அதிலும் 100. விடைத்தாள் தப்பா?

ஈசூன்_ராணி
தம்பி, விசை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? 0.5 என்பது புள்ளிக்குப் புள்ளியா, இரண்டு விசைக் கோட்டுக்கும் நடுவில் செங்குத்தாக அளந்ததா? படம் போடுங்கள்.

ஜூரோங்_ஃபிட்டர்
மில்லிமீட்டரை மீட்டராக மாற்றியதைப் பாருங்கள். எங்கள் பட்டறையில் தப்பு வந்தால் பாதி அங்கேதான் இருக்கும்.

கணக்கு_வாத்தியார்
முதல் அத்தியாயத்தில் இருக்கிற வரையறை இது: விசை பெருக்கல் செங்குத்துத் தூரம். அதைப் படிக்காமல் நேராகக் கணக்குக்குப் போய்விட்டு விடைத்தாளைக் குறை சொல்வதை இங்கே வாராவாரம் பார்க்கிறேன்.

மரீன்பரேட்_மணி
எந்தப் புள்ளியைச் சுற்றி மொமென்ட் எடுத்தீர்கள்? தகட்டின் மூலையை வைத்துப் போட்டால் 28 வரலாம்.

ஈசூன்_ராணி
இல்லை மணி, கப்பிளுக்குப் புள்ளியே வேண்டாம். எங்கே வைத்துப் போட்டாலும் ஒரே விடைதான் வரும்.

துவாஸ்_தம்பி
பஸ்ஸில் இருக்கிறேன், படம் ஏறவில்லை. ஏயிலிருந்து பி வலப்பக்கம் 0.4, மேலே 0.3. பியில் விசை வலப்புறமாக மேல்நோக்கி, 3-4-5 முக்கோணம், நிமிர்ந்த பக்கம் 4. ஏயில் அதற்கு நேர் எதிர். 200ஐ மேலே 160, வலப்பக்கம் 120 என்று பிரித்துப் போட்டால் 160 × 0.4 = 64, 120 × 0.3 = 36, கூட்டினால் 100.

ஈசூன்_ராணி
இப்போது புரிகிறது. ஏயில் விரலை வைத்துக்கொண்டு பாருங்கள். பியில் மேலே தூக்கும் 160 தகட்டை இடஞ்சுழியாகத் திருப்பும். வலப்பக்கம் தள்ளும் 120 ஏயைவிட 0.3 உயரத்தில் தள்ளுகிறது, அதனால் வலஞ்சுழி. ஒன்றுக்கொன்று எதிர். 64 − 36 = 28, இடஞ்சுழி. செங்குத்துத் தூரம் 0.14 மீட்டர்தான், 200 × 0.14 போட்டுப் பாருங்கள்.

இரண்டு தடவையும் 100 வந்ததால்தான் ஏமாந்துவிட்டீர்கள். அந்த 120 இடப்பக்கம் தள்ளியிருந்தால் விசை ஏபி கோட்டுக்குச் சரியாகச் செங்குத்தாக இருந்திருக்கும், அப்போது 0.5 தான் தூரம், கூட்டினதும் சரி. அதாவது நீங்கள் செய்தது ஒரே தப்பு, இரண்டு உருவத்தில்.

ஜூரோங்_ஃபிட்டர்
மரை வெட்டும்போது டேப் ரிஞ்சை, அதாவது மரை வெட்டும் டேப்பைத் திருப்பும் இருபக்கக் கைப்பிடியை, பிடித்திருப்பீர்களே தம்பி. இரண்டு கையும் சமமாக, ஒன்று முன்னே ஒன்று பின்னே தள்ளினால் டேப் சுழல மட்டும் செய்யும். ஒரு கையால் தள்ளினால் திருப்பத்தோடு பக்கவாட்டுத் தள்ளலும் சேரும், டேப் சாய்ந்து படக்கென்று முறியும். அந்த இரண்டு கைதான் கப்பிள்.

கணக்கு_வாத்தியார்
தமிழில் எழுதும் இடத்தில் கப்பிள் எதற்கு? இரட்டை என்று பாடநூலிலேயே இருக்கிறது.

யாழ்_பொறியாளர்
எங்கட உயர்தரப் பாடத்தில் அது இணை, மொமென்ட் திருப்பம். இரட்டை விசை என்றால் இரண்டு மடங்கு விசை என்று பிள்ளைகள் நினைப்பினம்.

கணக்கு_வாத்தியார்
இணை என்றால் இணைகோடு, இணைகரம் என்று வேறு பொருள் வந்து குழப்பும்.

யாழ்_பொறியாளர்
அந்த இரண்டு விசையும் இணைகோட்டில்தானே ஐயா நிற்குது. பொருந்தித்தான் வருது. இந்தக் கருத்தை 1803இல் தன் நிலையியல் நூலில் வகுத்த லூயி புவான்சோ வைத்த பெயரும் பிரெஞ்சில் சோடி என்ற பொருளில்தான்.

மரீன்பரேட்_மணி
சிங்கப்பூரில் இயற்பியலை ஆங்கிலத்தில்தான் படித்தோம். நாளைக்கு அவருடைய தாளிலும் கப்பிள் என்றுதான் இருக்கும், அதை விடுங்கள். தம்பி, புள்ளி விஷயத்தில் ராணி சொன்னதுதான் சரி. மூலையை வைத்துப் போட்டேன், எனக்கும் 28.

ஈசூன்_ராணி
தம்பி, அந்தக் கணக்கில் தகடு எங்காவது பற்றவைக்கப்பட்டிருக்கிறதா? அப்படியென்றால் தாங்கி கொடுக்கும் எதிர்வினை 28 வலஞ்சுழி மட்டும்தான், விசை பூஜ்யம். அதையும் கேட்பார்கள்.

துவாஸ்_தம்பி
ஆமாம் அக்கா, (ஆ) பகுதி அதுதான், எழுத மறந்துவிட்டேன். 28 வந்துவிட்டது. இறங்க வேண்டிய இடம் வந்தாச்சு, நன்றி.