குழந்தைகள் நிகழ்ச்சியில் காது கேளாத நடிகர்: பார்க்கும் குழந்தையிடம் உண்மையில் என்ன மாறுகிறது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குக் கதை எழுதும் குழுவில் இருக்கிறேன். காது கேளாத ஒரு பாத்திரம் தொடரில் நிரந்தரமாக இடம்பெற வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பாத்திரத்தை யார் ஏற்பது என்பதில்தான் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சில வாரங்கள் சைகை பழகிய, காது கேட்கும் நடிகரே போதும், திரையின் மூலையில் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் காட்டிவிட்டால் காது கேளாத குழந்தைகளுக்கும் குறை இருக்காது என்பது ஒரு தரப்பு. காது கேளாத நடிகர்தான் வேண்டும் என்பது என் தரப்பு. இது நியாயம் என்று மட்டும் சொன்னால் கேட்பவர்கள் தலையசைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். முன்பு இதைச் செய்து பார்த்த நிகழ்ச்சிகள் எவை, பார்த்த குழந்தைகளிடம் அவை எதை விட்டுச் சென்றன என்று அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் உதவியாக இருக்கும்.

முதல் மறுமொழி

இந்தக் கேள்விக்கு, காது கேளாத அமெரிக்க நடிகை லிண்டா போவிலிருந்துதான் தொடங்க வேண்டும். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, சைகை மொழியைத் தாய்மொழியாகவே பெற்றவர் அவர். வாஷிங்டனில் உள்ள, காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தில் படித்து, 1967இல் தொடங்கப்பட்ட காது கேளாதோர் தேசிய நாடகக் குழுவில் நடித்துத் தேர்ந்த பிறகு, 1971இல் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தத் தெருவின் நூலகராக, லிண்டா என்ற தன் சொந்தப் பெயரிலேயே திரையில் இருந்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் காது கேளாத ஒருவர் அவ்வளவு நீண்ட காலம் ஒரே பாத்திரத்தில் நிலைத்ததற்கு வேறு எடுத்துக்காட்டு இல்லை.

அந்த முப்பது ஆண்டுகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவருடைய பாத்திரம் வளர்ந்த விதம். தொடக்கத்தில் லிண்டாவின் காட்சிகள் பெரும்பாலும் காது கேளாமையைச் சுற்றியே எழுதப்பட்டன: இந்தச் சொல்லுக்குச் சைகை இது, இவரால் கேட்க முடியாது, ஆகையால் இப்படிப் பேச வேண்டும் என்பது போல. லிண்டாவுக்கும் நகைச்சுவை உண்டு, கோபமும் பொறுமையின்மையும் உண்டு, அவற்றையும் எழுதுங்கள் என்று எழுத்தாளர்களிடம் அவர் எடுத்துச் சொன்னார். அதன் பிறகுதான் நூலகத்தை நடத்துபவராகவும், பார்க்லி என்ற பெரிய நாயின் சொந்தக்காரராகவும், பாப் என்ற ஆசிரியரின் அன்புக்குரியவராகவும் ஒரு முழு மனுஷியைக் குழந்தைகள் கண்டார்கள். காது கேளாமை அந்தப் பெண்ணைப் பற்றிய பல செய்திகளில் ஒன்றாக ஆயிற்று.

சைகை பழகிய நடிகர் எவ்வளவு திறமையாளராக இருந்தாலும், எழுதித் தந்ததைத்தான் நடிப்பார். எழுதியதில் எது பொய் என்று சுட்டிக்காட்ட அவருக்குத் தன் வாழ்க்கையிலிருந்து ஒன்றும் இருக்காது. உங்கள் குழுவிடம் நீங்கள் வைக்க வேண்டிய முதல் வாதம் இதுவே என்பேன்.

இரண்டாம் மறுமொழி

நான் பிறவியிலேயே காது கேளாதவன். என் பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் காது கேட்கும். இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். இதன் விளைவைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட குழந்தைக்கு வீட்டில் காது கேளாத பெரியவர் ஒருவரும் கிடையாது. பள்ளியிலும் பெரும்பாலும் ஆசிரியர்கள் கேட்பவர்களே. வளர்ந்தால் நாமும் கேட்பவர்களாக மாறிவிடுவோம் என்று சிறு வயதில் நம்பியதாக என் வயதொத்த பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானும் அப்படித்தான் நம்பினேன். காது கேளாத பெரியவர் ஒருவரைக்கூடப் பார்த்திராத குழந்தை வேறு எப்படி நினைக்க முடியும்?

ஆகவே திரையில் ஒரு காது கேளாத பெண் வேலைக்குப் போவதையும், நண்பர்களோடு சண்டையிட்டுச் சமாதானம் ஆவதையும், சிலவற்றில் தோற்பதையும் காணும் குழந்தைக்கு முதன்முதலாகத் தன் எதிர்காலம் ஒரு முகத்தோடு தெரிகிறது. காது கேட்கும் நடிகரின் நடிப்பால் இதை ஈடுசெய்ய முடியாது. கையசைவின் தயக்கத்தையும், கேள்வி கேட்கும்போது புருவம் அசையாமல் நிற்பதையும் சைகையில் வளர்ந்த ஐந்து வயதுக் குழந்தை உடனே கண்டுபிடித்துவிடும். புருவமும் வாயும் தோளும் சைகை மொழியின் இலக்கணத்தில் அடக்கம். அவை தவறினால் வாக்கியமே தவறிவிடும்.

சப்டைட்டில் இருக்கிறதே என்று யாரேனும் சொன்னால், பார்ப்பவர்களின் வயதை நினைவூட்டுங்கள். உங்கள் பார்வையாளர்கள் இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்குபவர்கள். பெரியவர்களுக்கான நிகழ்ச்சியில் ஓரளவு துணைபுரியும் அந்த வழி இந்த வயதில் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது. மூலையில் நிற்கும் மொழிபெயர்ப்பாளரும் கதைக்கு வெளியே நிற்பவர்தான். பொம்மை கீழே விழும் கணத்தில் குழந்தையின் கண் பொம்மை மீது இருக்கும். மூலையில் சொல்லப்பட்டது போனது போனதுதான்.

மூன்றாம் மறுமொழி

படத்தொகுப்பில் பல ஆண்டுகள் வேலை செய்பவன் என்ற முறையில், எழுத்திலேயே கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். சைகை நடைபெறும் இடம் ஏறத்தாழ தலைக்குச் சற்று மேலிருந்து இடுப்பு வரை. குழந்தைகள் நிகழ்ச்சிகளில் நாங்கள் பழக்கத்தால் வைக்கும் முக நெருக்கக் காட்சி, கைகளை வெட்டி வெளியே தள்ளிவிடும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்பவரின் முகத்துக்குத் தாவுவதும் எங்கள் தொழிலின் வழக்கம். பேச்சானால் ஒலி தொடரும்; சைகையானால் அந்த நொடியில் வாக்கியம் அறுந்துவிடும். நடிகரின் இரண்டு கைகளிலும் பொருள்களைக் கொடுத்துவிட்டு வசனமும் எழுதினால் அவரால் அதைச் சொல்லவே இயலாது. காது கேளாத நடிகர் படப்பிடிப்புத் தளத்தில் இருந்தால் இவை முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிடும். இல்லாவிட்டால் ஒளிபரப்பான பிறகு பார்வையாளர்கள் சொல்லித் தெரியவரும்.

‘செசமி ஸ்ட்ரீட்’டில் லிண்டா சைகையில் சொன்னதை, அருகில் இருக்கும் பாத்திரம் தன் பதிலோடு சேர்த்துப் பேச்சிலும் சொல்லிவிடும் முறையை அடிக்கடி பயன்படுத்தினார்கள். பின்னணிக் குரல் தேவைப்படாத, உரையாடலின் ஓட்டத்தையும் கெடுக்காத நல்ல உத்தி அது.

நான்காம் மறுமொழி

மேலே உள்ளவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். எனினும், சைகை மொழி கற்பிப்பவள் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை செய்ய விரும்புகிறேன். இத்தகைய நிகழ்ச்சியால் குழந்தைகள் சைகை மொழி கற்றுவிடுவார்கள் என்று உங்கள் குழுவிடம் வாக்குறுதி தராதீர்கள். காது கேட்கும் குழந்தைகள் சில பத்துச் சொற்களைப் பிடித்துக்கொள்வார்கள். எதிரில் இருப்பவரோடு பேசிப் பழகாமல் எந்த மொழியும் வராது. அவர்கள் உறுதியாகக் கற்பது வேறொன்று: தோளைத் தொட்டு அழைக்கலாம், முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம், இதில் கூச்சப்பட எதுவும் இல்லை என்பது. வகுப்பில் காது கேளாத ஒரு குழந்தை வந்து அமரும்போது இந்தப் பழக்கம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை நான் நேரில் காண்கிறேன்.

பிரிட்டனின் அனுபவத்தையும் பாருங்கள். பிபிசி 1964 முதல் 1976 வரை ஒளிபரப்பிய ‘விஷன் ஆன்’ காது கேளாத குழந்தைகளை மனத்தில் கொண்டு தொடங்கப்பட்டது. பேச்சைக் குறைத்து ஓவியத்தாலும் அசைவாலும் நகர்ந்த அந்த நிகழ்ச்சியைக் காது கேட்கும் குழந்தைகளும் விரும்பிப் பார்த்தார்கள்; காது கேளாதோருக்காக வகுத்த வடிவம் எல்லோரையும் கவரும் என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் அதை முன்னின்று நடத்தியவர்கள் காது கேட்பவர்கள். அதே பிபிசியின் சிறுவர் அலைவரிசையில் 2022இல், பிறவியிலேயே காது கேளாத நடிகை ரோஸ் அய்லிங்-எல்லிஸ் தன் மொழியான பிரிட்டிஷ் சைகை மொழியில் உறங்கும் நேரக் கதை ஒன்றைச் சொன்னார். முந்தைய ஆண்டு நாட்டின் மிகப் பெரிய நடனப் போட்டியில் வென்று வீட்டுக்கு வீடு அறிமுகமாகியிருந்தவர் அவர். அன்று கதை அவருடைய கைகளில் இருந்தது. அதைக் குரலில் பின்தொடர வேண்டியவர்கள் கேட்பவர்களாக இருந்தார்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சரளமாகப் படிக்கத் தெரியாத வயது என்பதையும், பாத்திரத்தை வளர்த்ததில் நடிகரின் பங்கையும் நாளைய கூட்டத்தில் முதலில் வைக்கப் போகிறேன். ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. செலவைக் காரணம் காட்டி, காது கேளாத பாத்திரம் ஒன்று போதும் என்கிறார்கள். ஒன்று போதுமா?

இரண்டாம் மறுமொழி எழுதியவர்

இயன்றால் இரண்டு கேளுங்கள்: ஒரு பெரியவர், ஒரு குழந்தை. பாத்திரம் ஒன்றே ஒன்றாக இருந்தால் அது எப்போதும் கேட்பவர்களோடு மட்டுமே உரையாடும்; மெதுவாக, எளிய சைகைகளில், விளக்கிக்கொண்டே பேசும். இருவர் இருந்தால்தான் வேகமாகவும் குறும்பாகவும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அப்போது கொஞ்சம் தவறவிட்டு, என்ன சொன்னீர்கள் என்று கேட்க வேண்டியவை மற்றப் பாத்திரங்களாக இருக்கும். இரண்டாமவரை எல்லாப் பகுதிகளிலும் கொண்டுவர முடியாவிட்டால், சில பகுதிகளுக்கு ஒருமுறை வரும் அத்தையாகவோ அண்டை வீட்டுப் பிள்ளையாகவோ வைத்துக்கொள்ளலாம். அவர்கள் பேசும் காட்சிகளை மட்டும் சைகையில் வளர்ந்த ஒருவரைக் கொண்டே எழுதச் செய்யுங்கள்.