பறவைத் தட்டில் இனிப்பு: யாராவது சொல்லுங்களேன்

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் பேரி மரத்தில் ஒரு தட்டு கட்டியிருக்கிறேன். பழுத்த வாழைப்பழத்தைத் தோலோடு பிளந்து வைத்தால் கொண்டைக்குருவிகள் ஐந்தே நிமிடத்தில் வந்துவிடும். அவை போன பிறகுதான் வெள்ளைக்கண்ணிகள் மிச்சத்தைக் கொத்தும். போன வாரம் அம்மா பாசத்தில் வர்க்கி (மொறுமொறு பேக்கரிப் பண்டம்) துண்டு போட்டுவிட்டார். எடுத்துவிட்டேன், உப்பும் கொழுப்பும் அதுகளுக்கு எதற்கு? சாக்லேட் விஷம், அது தெரியும். தேனைத் தண்ணீரில் கலந்தால் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அதுவும் வேண்டாம்.

சந்தேகம் சர்க்கரைத் தண்ணீரில்தான். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் என்பது அமெரிக்க ஓசனிச்சிட்டுக்கான (ஹம்மிங்பேர்ட்) கணக்கு. நம்மூர்த் தேன்சிட்டுக்கு அப்படி வைத்துப் பார்த்தவர்கள் உண்டா? இல்லை, பூச்செடி நட்டாலே போதுமா? அப்புறம், இங்கே இனிப்பு வாசனைக்குக் கரடி வரும். இருட்டுவதற்குள் தட்டைக் கழுவி உள்ளே வைத்துவிட்டால் சரிதானே?